ரெண்டு ஸ்டேஷன் தள்ளி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர் மக்களுக்கும் வணக்கம்.

'பேட்டை மாறியதில் உயர்ந்தது வாழ்க்கையா, வாடகையா?' என்பது தலைப்பு. வாடகைதான் என்று பேச வந்தவள் நான். ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். "வாடகை ஏறினா அழுதுகிட்டு உட்காராதீங்க, ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்குங்க" என்றார். நடுவர் அவர்களே, அதைக் கேட்டதும் அந்த ஆறு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். அந்த ரெண்டு ஸ்டேஷனுக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஏனென்றால் நாங்கள் போனோம் சகோதரரே. நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே போனோம்.

இதே மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் வீட்டில் இருந்தோம். இங்கே இருக்கும் இளம் பிள்ளைகளுக்கு ஸ்டோர் என்றால் கடை. எங்களுக்கு ஸ்டோர் என்றால் வீடு. ஒரே வாசல், நீளமான நடை, உள்ளே வரிசையாக ஏழு குடித்தனம், பின்னால் ஒரு கிணறு, ஒரு அடிபம்பு. அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். அவர் காலமான பிறகும் அம்மா, நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேரும் அதே போர்ஷனில்தான் இருந்தோம். வாடகை 6,500 ரூபாய்.

2019-ல் ஸ்டோரின் சொந்தக்காரர் கூப்பிட்டு, "இடிக்கப் போறோம்மா" என்றார். அவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏழு குடித்தனமும் சேர்ந்து மாதம் 45,500. அவருடைய மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்குப் பதினைந்தாயிரம் சொச்சம். அந்த வருஷம் வந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அதாவது 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம் என்று இருந்தது 4,800 ஆகிவிட்டது. பில்டர் வந்து ஜாயின்ட் வென்ச்சர், அதாவது இடம் உங்களுது, கட்டுறது நான், வருவதைப் பங்கு போட்டுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்பான்? எதிரணியில் ஒரு அம்மா, வீட்டுக்காரர்களும் நடுத்தரக் குடும்பம்தான் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் ஏழு குடும்பம் எங்கே வருகிறது? வரவே இல்லை.

சரி, வீடு தேடக் கிளம்பினோம். ரெண்டு ஸ்டேஷன் கணக்கையே வைத்துக்கொள்வோம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்தது மந்தைவெளி. இரண்டு அறை, 18,000 வாடகை. அட்வான்ஸ் பத்து மாதம், 1,80,000. அடுத்த ஸ்டேஷன் கிரீன்வேஸ் சாலை. அங்கே இருப்பது மந்திரிகளின் பங்களா! அந்தச் சாலையில் வாடகைக்கு வீடு எங்கே என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

முதல் ரெண்டு ஸ்டேஷன் முடிந்தது. இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போனோம். கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர். கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து, "எத்தனை பேர்?" என்றார். "அஞ்சு பேர்ங்க." "அஞ்சு பேரா? தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?" அந்தக் கோடை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. நாம் குடம் குடமாகத் தெருவில் நின்றோமே, அதே 2019 ஜூன். வாடகை தனி, லாரித் தண்ணீருக்குத் தனி, மெயின்டனன்ஸ் தனி. எண்பது வயது அம்மாவும் வருவார் என்றதும், "வயசானவங்க இருந்தா பாத்ரூமுக்கு நிறையத் தண்ணி ஆகும்" என்றார். என் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். படி இறங்கும்போது, "நான் வேணா தம்பிகிட்ட போய் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். எண்பது வயதில் ஒரு மனுஷி தான் புழங்குகிற தண்ணீருக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வந்ததே, அதுவா உயர்ந்த வாழ்க்கை?

இன்னும் ரெண்டு ஸ்டேஷன். இந்திரா நகர், திருவான்மியூர். திருவான்மியூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் டைடல் பார்க். 2000-ல் திறந்தது. அங்கே ஒரு வீட்டுக்காரர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். "ஐ.டி. பசங்க நாலு பேர் சேர்ந்து எடுத்துக்கறாங்கம்மா. தலைக்கு எட்டாயிரம், முப்பத்திரண்டு ஆச்சு. நீங்க ஒரு சம்பளம், ஒண்ணரை சம்பளம். எப்படிக் கட்டுவீங்க?" இதுதான் விஷயம். நான்கு சம்பளத்தோடு ஒரு சம்பளம் போட்டி போட முடியாது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தென்காசியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வந்து, ஒரு அறையில் இரண்டு கட்டில் போட்டுப் படுத்து, மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். வாடகை அவர்களையும்தான் பிழிகிறது.

இன்னும் ரெண்டு ஸ்டேஷன். தரமணி, பெருங்குடி. அங்கேயும் அதே கதைதான். கடைசியாக வேளச்சேரி. 2007-ல் ரயில் வந்தது, 2013-ல் பெரிய மால் வந்தது. தரைத்தளத்தில் ஒரு வீடு காட்டினார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆனால் சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஒரு மங்கலான கோடு, சுற்றிலும் நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. கை வைத்துப் பார்த்தேன், அந்தக் கோட்டுக்குக் கீழே பூச்சு பொரிப் பொரியாக உதிர்ந்தது. "அது 2015 வெள்ளம். இனிமே வராது" என்றார் புரோக்கர். வாடகை 16,000. ஏரிக்கு விட்டிருக்க வேண்டிய இடத்தில் கட்டி, தண்ணீர் ஏறி நின்ற வீட்டுக்குப் பதினாறாயிரம்!

அப்புறம் எங்கே போனோம் தெரியுமா? கூடுவாஞ்சேரி. இன்றைக்கும் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில், என் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் கடை மந்தைவெளியில். நாங்கள் குடிபோன வருஷம் ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து எண்ணினேன். கூடுவாஞ்சேரியிலிருந்து பூங்கா வரை பத்தொன்பது. அங்கே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பூங்கா நகரில் ரயில் மாறினால் திருமயிலை வரை ஆறு. இருபத்தைந்து ஸ்டேஷன், சகோதரரே! நீங்கள் சொன்னது ரெண்டு. ஒரு ஆசிரியையையும் ஒரு கணக்கரையும் இந்த ஊர் இருபத்தைந்து ஸ்டேஷன் தள்ளி வைத்துவிட்டு, காலை எட்டே முக்காலுக்கு வேலைக்கு வந்து நில் என்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒரு கணக்கு இருந்தது. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12. அதனால் நொந்துபோன வீட்டுக்காரர்களும் உண்டு, மறுக்கவில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று கூடவே ஒரு வார்த்தையும் இருக்கிறது. வீடு கிடைக்காதவள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டாள்?

எங்களுக்காவது புரோக்கரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலையும் வசதி இருந்தது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி ஊர்க்கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கள் ஸ்டோரில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்த அக்கா அப்படிப் போனவர்தான். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டிய வேலை அது. பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்? ஒரு மாதம் வந்தார், அப்புறம் வரவில்லை.

மெட்ரோவைப் பற்றி எதிரணி நிறையப் பேசியது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையும், மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் பாதையும் நம் திருமயிலையில் சந்திக்கப் போகின்றன. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கச்சேரி சாலையில் இத்தனை வருஷம் புழுதியைத் தின்றுகொண்டு, வியாபாரம் இல்லாமல் கடையைத் திறந்து வைத்திருக்கிறாரே அந்தச் சின்னக் கடைக்காரர், ரயில் ஓடும் நாளில் அவர் கடை அங்கே இருக்குமா? அந்த வாடகையில் இருக்குமா?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிஷம் கொடுங்கள்.

பங்குனி வந்தால் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவுக்கு எங்கள் ஸ்டோர் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். ஏழு குடித்தனமும் ஆளுக்கு ஒரு படி தயிர். செங்கல்பட்டிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அம்மாதான் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். போன பங்குனியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து ஸ்டேஷனும் நின்றும் உட்கார்ந்தும் வந்தாள். யாரோ போட்ட பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க வீட்டு வாசல்லயும் குடுப்போம்பா" என்றாள். அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டான்.

திரும்பும் வழியில் ஒரு பழைய வீட்டைக் காபி கடையாக மாற்றியிருந்தார்கள். ஒரு காபி 180 ரூபாய். உள்ளே அழகுக்காக ஒரு பழைய தேக்கு நிலையைக் கதவில்லாமல் நட்டு வைத்திருந்தார்கள். அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். குனிந்து, அந்த நிலையின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கள் ஸ்டோர் வீட்டு நிலையில் அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். என் உயரம், தம்பி உயரம். அப்புறம் அதே நிலையில் என் பிள்ளைகள் உயரம், என் மகனுடைய ஏழாவது பிறந்தநாள் வரைக்கும். இடிக்கும்போது அந்த நிலையைப் பழைய மரச்சாமான் வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"நம்ம வீட்டுது இல்லடி. இதுல கோடு இல்ல" என்றாள்.

வெளியே நின்ற என் மகனைக் கூப்பிட்டாள். அவனை அந்த நிலையில் முதுகு ஒட்டி நிற்க வைத்தாள். கை எட்டவில்லை. எட்டி, கால் விரலில் நின்று, அவன் தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்து, அந்த இடத்தில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள்.

வணக்கம்.