கம்பி தேறினால் வடம் தேறுமா?

அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸின் தெற்கே கடராஷில் எழுந்துவரும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலையைப் பற்றிய பேச்சு வழக்கமாக 15 கோடி டிகிரி பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற கொதிவாயுவில்தான் தொடங்கும். இன்று நாம் பார்க்கப்போவது குளிர்ந்த பக்கத்தை. அந்த பிளாஸ்மாவைப் பிடித்துவைப்பவை மீக்கடத்திக் காந்தங்கள்; மீக்கடத்தி என்றால் கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள். அந்தக் காந்தங்களைச் சுற்றும், பல கம்பிகள் முறுக்கிய வடத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் கம்பி. தடிமன் சுமார் 0.8 மி.மீ. உள்ளே தாமிரத்தோடு ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள். நியோபியமும் தகரமும் 650 டிகிரி செல்சியஸில் நாள்கணக்கில் சுட்ட பிறகே சேர்ந்து மீக்கடத்தி ஆகின்றன. ஆனபின் வளைத்தால் உடையும். அதனால் முதலில் சுற்று, பிறகு சுடு என்பதே இங்கு விதி. கம்பியை டைட்டானியக் கலவை உருளையில் சுற்றிச் சுட்டு, 4.2 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்), 12 டெஸ்லா காந்தப்புலத்தில் மின்னோட்டத்தை ஏற்றுவார்கள். சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோவோல்ட் தோன்றும்போது ஓடும் ஆம்பியரே அதன் மாறுநிலை மின்னோட்டம், அதாவது மீக்கடத்தியாகவே அது தாங்கும் எல்லை.

இதில் தேறிய கம்பி வடத்திலும் தேறும் என்று நம்பிவிடக் கூடாது. பிளாஸ்மா வளையத்தைச் சுற்றி நிற்கும் வளையக் காந்தங்களின் வடத்தில் 900 மீக்கடத்திக் கம்பிகளும் 522 தாமிரக் கம்பிகளும் கட்டம் கட்டமாக முறுக்கப்பட்டு எஃகுக் குழாய்க்குள் இருக்கின்றன. இடுக்குகளில் ஹீலியம் ஓடும். 68,000 ஆம்பியரை 11.8 டெஸ்லாவால் பெருக்குங்கள்: மீட்டருக்குச் சுமார் 8 லட்சம் நியூட்டன், அதாவது 80 டன் எடைக்கு ஈடான பக்கவாட்டு விசை! கம்பிகள் குழாயின் ஒரு பக்கமாக ஒதுங்கி, தாங்கல் இல்லாத இடங்களில் வளைகின்றன. குளிரும்போது இழையைவிட எஃகு அதிகம் சுருங்கி நசுக்குவது தனி. இழை விரிசல் விடுவது இப்படித்தான்.

சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் உள்ள சுல்தான் சோதனை நிலையம் இப்படிப்பட்ட வடங்களைச் சோதிப்பதற்கே பேர்போனது. ஏறக்குறைய 3.5 மீட்டர் நீள வடத்துண்டுகள் இரண்டை அருகருகே வைத்து, அடியில் இணைத்து, புலத்துக்குள் இறக்குவார்கள். மின்னோட்டத்தை 68,000 ஆம்பியரில் நிலையாக வைத்துக்கொண்டு, ஹீலியத்தின் வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்துவார்கள். ஒவ்வொரு படியிலும் நிலைபெறும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய்யாகும். மீட்டருக்கு 10 மைக்ரோவோல்ட் எட்டும் வெப்பநிலைதான், அதாவது மீக்கடத்தும் தன்மை தளரத் தொடங்கும் வெப்பநிலைதான் விடை. வளையக் காந்தத்துக்கு அது 5.7 கெல்வினுக்குக் கீழே போகக் கூடாது. பிறகு மின்னோட்டத்தை ஆயிரம் முறை ஏற்றி இறக்கி, சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி அளப்பார்கள்.

அளக்கவேண்டிய புலப்பகுதி அரை மீட்டர்கூட இல்லை. அதாவது மொத்த மின்னழுத்தமே ஐந்து மைக்ரோவோல்ட்டுக்குள்! முனைகளில் கம்பிகளின் குரோமியப் பூச்சை ஒழுங்காக நீக்கி ஈயப்பற்று வைக்காவிட்டால், மின்னோட்டம் சில கம்பிகளில் மட்டும் குவிந்து, மின்னழுத்தம் முன்கூட்டியே தலைகாட்டும். குற்றம் முனையில் இருக்க, பழி வடத்தின் மேல் விழும். அதனால்தான் குழாயைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

இந்தச் சோதனையின் அருமை, உலையின் நடுவில் நிற்கும் மையக் காந்தத்தின் வடத்தில் தெரிந்தது. அங்கே 13 டெஸ்லா; ஆயுளில் 60,000 துடிப்புகள், அதாவது மின்னோட்டம் ஏறி இறங்கும் சுழற்சிகள் தாங்க வேண்டும். தொடக்க மாதிரிகளில் சுழற்சி கூடக்கூட விடை வெப்பநிலை இறங்கிக்கொண்டே போனது, நிற்கவே இல்லை. கம்பியை மாற்றித் தீர்க்கவில்லை, முறுக்கை மாற்றித் தீர்த்தார்கள். மூன்று கம்பி சேரும் முதல் கட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 45 மி.மீ. இருந்த நீளத்தை 20 ஆகக் குறைத்தார்கள். கம்பிகள் ஒன்றையொன்று நெருக்கமாகத் தாங்கிக்கொண்டன. சரிவு ஏறக்குறைய நின்றது. ஆனால் முறுக்கு இறுக இறுக, வடம் திரிக்கும்போதே கம்பியில் பள்ளம் விழும் வாய்ப்பும் கூடும். ஆகவே சுடுவதற்கு முன்பே வடத்துண்டைப் பிரித்து, கம்பி கம்பியாகப் பார்த்துவிடுவது நல்லது.