கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு ஹிஸ்டரி எதுக்கு? சித்தூர் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கங்க. கேரளாவுல, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் பிளஸ் டூ முடிச்சிட்டு காலேஜ்ல எந்தப் பாடம்னு ஆப்ஷன் கொடுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கும், பக்கத்துல நின்னு "கெமிஸ்ட்ரிக்காரனுக்கு ஹிஸ்டரி எதுக்கு?"ன்னு கேட்கிற பெரியவங்களுக்கும்தான் இந்த வீடியோ.

நம்ம தண்ணியையே எடுத்துக்கலாம். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு, தண்ணியை அளக்கிற இடமான மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும். ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஒசரத்துக்குத் தண்ணி நிறுத்த 43,560 கன அடி வேணும். வகுத்துப் பாருங்க, சுமார் 1,66,000 ஏக்கர்ல ஓரடி நிக்கும். இது பேப்பர் கணக்குத்தான். வாய்க்கால்ல கசியறது, வெயில்ல போறது எல்லாம் கழிக்கணும். இதுல "வருஷம்"னா ஜூலை 1-லிருந்து ஜூன் 30 வரைக்கும். ஜனவரியிலிருந்து கூட்டினா கணக்கு மொத்தமா தப்பிரும். கையெழுத்தானது 1970-ல, அமலுக்கு வந்ததா வெச்சது 1958-லிருந்து. ஏன் அப்படின்னு தெரிய மாநிலங்களைப் பிரிச்ச வரலாறு வேணும். எந்த மாசம் எவ்வளவு வேணும்னு தெரியப் பயிர் பத்தித் தெரியணும். எந்த ஒரு மேஜரும், அதாவது டிகிரியோட முக்கியப் பாடமும், இத்தனையும் சேர்த்துச் சொல்லித் தராதுங்க.

2024-ல கேரளாவுல வந்த நாலு வருஷ டிகிரி இதுக்கு வழி விட்டிருக்கு. ஒவ்வொரு பேப்பருக்கும் இத்தனை கிரெடிட்னு ஒரு எடை இருக்கு. மூணு வருஷத்துல 133 கிரெடிட்டோட வெளிய வரலாம், நாலாவது வருஷமும் படிச்சா 177. காலிக்கட் யூனிவர்சிட்டியில முதல் செமஸ்டர் 21 கிரெடிட்: மேஜர் 4, மைனர்ங்கிற துணைப் பாடம் ரெண்டுக்கு 8, இங்கிலீஷ் 3, இன்னொரு மொழி 3, வேற துறையை அறிமுகப்படுத்தற மல்டி டிசிப்ளினரி பேப்பர் 3. மூணாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள ஆறு மைனர் பேப்பர் வந்துரும். இந்த ஆறுதான் உங்க கையில இருக்கிற சாவி.

கெமிஸ்ட்ரி மேஜர்னா, மூணு பேப்பர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மூணு பேப்பர் ஹிஸ்டரி இல்லன்னா எகனாமிக்ஸ்னு வைப்பேன். ஒண்ணு எண்ணைச் சந்தேகப்படப் பழக்கும், இன்னொண்ணு நாலு பக்கம் சொந்தமா எழுத வைக்கும். ஆறையும் ஆறு பாடத்துல இறைச்சா நுனிப்புல் மேயறதுதான். அறிமுகப் பேப்பரோட எல்லாமே நின்னுரும், சுவாரசியமே மூணாவது பேப்பர்லதான் ஆரம்பிக்கும்.

சிக்கல் எங்க வருதுன்னா, "அந்தப் பேப்பர்ல மார்க் அள்ளலாம்"னு சீனியர் சொல்றதை நம்பி எடுக்கிறதுல. அப்புறம், பிளஸ் டூவுல படிச்ச பாடத்தையே மல்டி டிசிப்ளினரியா எடுக்கக் கூடாது, அதைப் பார்க்காம ஆப்ஷன் கொடுத்துட்டு மாத்த அலையறாங்க. சின்னக் காலேஜ்ல டிபார்ட்மென்ட் கம்மி, சீட்டும் கம்மி. புரொஸ்பெக்டஸ்ல இருக்கிற மைனர் டைம்டேபிள்ல இருக்காது. இந்த வருஷம் நிஜமா எது ஓடுது, எத்தனை சீட்டுன்னு ஆபீஸ்ல நேரா கேளுங்க.

டீச்சர் வேலைக்குப் போறவங்க மேஜரை யோசிக்காம எடுத்துறாதீங்க. தமிழ்நாட்டுல பிஜி டீச்சர் வேலைக்கு யுஜியும் பிஜியும் ஒரே பாடமா இருக்கணும். யுபிஎஸ்சிக்கோ ஏதோ ஒரு டிகிரி போதும், அங்க மைனர்ல படிச்ச ஹிஸ்டரியும் எகனாமிக்ஸும் நேராவே உதவும்.

மொழிப் பேப்பரைக் கடனேன்னு எடுக்காதீங்க. சித்தூர் கவர்ன்மென்ட் காலேஜ்ல தமிழ் டிபார்ட்மென்ட்டே இருக்கு. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதணும்னா தமிழ்த் தகுதித் தேர்வுல 40 சதவீதம் எடுத்தாத்தான் மத்த விடைத்தாளையே திருத்துவாங்க. மலையாள மீடியத்துல படிச்சு வந்த நம்ம பிள்ளைங்க தடுக்கி விழற இடம் அது. முதல் செமஸ்டர்லயே தமிழ்ல எழுத ஆரம்பிச்சிருங்க.