பிள்ளை திடீரென்டு வீறிட்டு அழுதா, முதல்ல சட்டையைக் கழட்டுங்க

வணக்கம். இன்டைக்கு மேசையில பெருசா ஒன்டும் இல்ல. ஒரு பொம்மை, ஒரு டோர்ச், ஒரு தேர்மோமீற்றர், பாமசியில வாங்கின 5 மில்லி சிரிஞ்ச். ஊசி இல்லாதது, பயப்பட வேணாம்.

விஷயம் இதுதான். காலமை நல்லாச் சிரிச்சிட்டு இருந்த பிள்ளை பின்னேரம் திடீரென்டு வீறிட்டு அழுகுது. பால் குடுத்தாச்சு, ஏப்பம் எடுத்தாச்சு, பம்பர்ஸ் மாத்தியாச்சு, தூக்கிக்கொண்டு ஹோலுக்கும் பல்கனிக்கும் நடந்தாச்சு. நிக்குதில்ல. அம்மம்மா வயித்துக்குத்து என்டுவா, மாமி கண்ணூறு என்டுவா, பக்கத்து ஃப்ளாட் அன்ரி வந்து பல்லு முளைக்குது என்டுவா. மூண்டு பேரும் சட்டைக்கு மேலாலதான் பிள்ளையைப் பாத்திருப்பாங்க. அதுதான் பிழை.

முதல்ல இந்த வயித்துக்குத்துக் கதையை முடிச்சிடுவோம். டொக்டர்மார் கொலிக் என்டு சொல்றது ஒரே நாள்ல வந்து குதிக்கிற சாமான் இல்ல. பிறந்து 2, 3 கிழமையில தொடங்கும், 6ஆம் கிழமை அளவில உச்சத்துக்கு வரும், 3, 4 மாசத்தில தானா அடங்கும். 1954ல வெசல் என்ற டொக்டர் எழுதின கணக்கை இன்னும் சொல்லிக் குடுக்கிறாங்க: நாளைக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல, கிழமையில 3 நாளுக்கு மேல, 3 கிழமைக்கு மேல. அப்ப, நேத்து வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லாத 7 மாசப் பிள்ளை இன்டைக்குக் கத்துதென்டா அது கொலிக் இல்ல. கிறைப் வோட்டரத் தேடாதீங்க, காரணத்தத் தேடுங்க.

ஒரு நிமிஷம், கோச்சி போகுது... சரி.

தேடத் தொடங்க முதல், பிள்ளையைக் கட்டில்ல வளத்தி ஒரு நிமிஷம் சும்மா பாருங்க, கை வைக்காம. உடம்பு நிறம் எப்பிடி, கால் ரெண்டையும் வயித்தோட மடக்குதா, அழுகை ஒரே மாதிரிப் போகுதா, இல்லாட்டி விட்டு விட்டு வருதா. பிறகு தூக்குங்க. பசி, தூக்கம், வாய்வு இதுக்கெல்லாம் தூக்கினா கொஞ்சமாவது அடங்கும். தூக்கினா இன்னும் கத்துது, ஆடாம அசையாம வளத்தினா அமைதியாகுது என்டா, அது வேற. அசைவே நோகுது என்டு அர்த்தம். எலும்பு, வயித்துக்குள்ள அழற்சி, மூளைக்காய்ச்சல், இதுகள்ல அப்பிடி வரும். அதைப் பாத்திட்டு வீட்டில இருக்கக் கூடாது.

இப்ப சட்டை. எல்லாத்தையும் கழட்டுங்க. பம்பர்ஸ், சொக்ஸ், கையுறை, தொப்பி, எல்லாம். ஃபேனைக் குறைச்சு, லைட்டப் போட்டு, கால் விரல்ல இருந்து மேல வாங்க. ஏன் கால் விரல்? இந்தா கமராக்குக் கிட்டக் கொண்டுவாறேன்.

பொம்மைட இந்தச் சின்ன விரல்ல நீட்டுத் தலைமயிர் ஒன்டை மூண்டு சுத்து சுத்தி வச்சிருக்கேன். தெரியுதா? தெரியாது. இப்ப டோர்ச்சைப் பக்கவாட்டில பிடிக்கிறேன்... இப்ப ஒரு கோடு மாதிரி. உண்மையான பிள்ளையில இது இன்னும் கஷ்டம், ஏனென்டா விரல் வீங்கி மயிர் தோலுக்குள்ள புதைஞ்சிடும். வெளியால தெரியிறது, ஒரு விரல் மட்டும் சிவந்து, நுனி பருத்து, அடியில பள்ளம் விழுந்த மாதிரி. பிரசவத்துக்குப் பிறகு சில மாசத்தில அம்மாமாருக்கு மயிர் கொத்துக் கொத்தாக் கொட்டும், அது சொக்ஸுக்குள்ளயும் பம்பர்ஸுக்குள்ளயும் போய்ச் சேரும். ஈரத்தில மயிர் நீளும், காஞ்சா சுருங்கும். சுத்திக்கொண்டு சுருங்கினா இரத்த ஓட்டம் நிண்டுடும். கையுறைக்கு உள்பக்கம் பிரிஞ்ச நூலும் இதே வேலை செய்யும், அதனால சொக்ஸ், கையுறை எல்லாத்தையும் உள்பக்கம் வெளியால திருப்பி நூல் வெட்டிட்டுப் போடுங்க.

பத்து கால் விரல், பத்துக் கை விரல், ஒவ்வொன்டா விரிச்சுப் பாருங்க. ஆம்பிளைப் பிள்ளை என்டா குஞ்சாமணியையும் சுத்திப் பாருங்க, பொம்பிளைப் பிள்ளை என்டா அந்த இடத்து மடிப்புகளையும். மயிர்ட நுனி தெரிஞ்சு சுகமாப் பிரியுது என்டா பிரிச்சு எடுங்க. எடுத்த பிறகும் வீக்கம் குறையல்ல, நிறம் திரும்பல்ல என்டா இன்னொரு சுத்து உள்ளுக்கு இருக்கு. பிளேட், ஊசி ஒன்டும் கிட்டக் கொண்டுபோகாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. மணித்தியாலக் கணக்கில விட்டா விரலே பழுதாகும்.

இதோட அரைஞாண், கணுக்கால் கறுப்பு நூல், வசம்புக் காப்பு, பஞ்சாயுதச் சங்கிலி. கட்ட வேணாம் என்டு நான் சொல்ல வரல்ல. உங்கட சின்ன விரல் சுகமா உள்ளுக்குப் போகுதா என்டு கிழமைக்கு ஒருக்காப் பாருங்க. பிள்ளை வளரும், நூல் வளராது. கழுத்தில மட்டும் ஒன்டும் வேணாம், அது நித்திரையில இறுகும்.

மேல வாங்க. தொடையிடுக்கு ரெண்டு பக்கமும். அழுகைக்கு வீங்கி, அமைதியானா உள்ளுக்குப் போற கட்டி ஒன்டு சில பிள்ளைகளுக்கு முதலே இருக்கும், ஹேர்னியா. ஆம்பிளைப் பிள்ளைகள்லயும் மாசம் நிறையாமப் பிறந்ததுகள்லயும் கூடுதலா இருக்கும். அந்தக் கட்டி இன்டைக்குக் கல்லு மாதிரி நிக்குது, தொட்டா அலறுது, சத்தியும் எடுக்குது என்டா குடல் உள்ளுக்கு நெரிபட்டுட்டு. நீங்க அமத்தி உள்ளுக்குத் தள்ளப் பாக்காதீங்க. விதைப் பை ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கியிருந்தா அது விதை முறுக்கிக்கொண்டதா இருக்கலாம். அதுவும் ஓடுற வேலைதான், விடியட்டும் என்டு வைக்கிற வேலை இல்ல.

பம்பர்ஸ் இடத்தில சிவப்பு, வேர்க்குரு, எறும்பு கடிச்ச புள்ளிகள், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கட்டில் கால்ல எறும்பு ஏறுதா என்டும் ஒருக்காப் பாருங்க, பால் சிந்தின துணி கிடந்தா வரும்தானே. மலம் கெட்டியாப் போய், மேல ஒரு கோடு மாதிரிச் சிவப்பு இரத்தம் என்டா மலவாய்ல சின்ன வெடிப்பு. ஆனா தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை நாலைஞ்சு நாள் போகாம இருந்து பிறகு மெதுவா, இளக்கமாப் போனா அது மலச்சிக்கல் இல்ல. புட்டிப்பால்ல தண்ணி அளவு சரியா என்டும் பாருங்க, பிள்ளைக்குச் சத்து வரட்டும் என்டு ஒரு கரண்டி கூடப் போடுற ஆக்கள் இருக்கிறாங்க. அதுதான் மலம் இறுகிறதுக்குக் காரணமாகும்.

இப்ப வயிறு. இதில ஒன்டை மட்டும் கட்டாயம் ஞாபகம் வைங்க. குடலுக்குள்ள குடல் செருகிக்கொள்றது. தொலைநோக்கியை மடிச்சா ஒரு குழாய் மற்றதுக்கு உள்ளுக்குப் போகுமே, அப்பிடி. 5 மாசத்தில இருந்து 9 மாசம் வரைக்கும் கூடுதலா வரும். அழுகைட தாளம்தான் காட்டிக் குடுக்கும்: காலை மடக்கி ஒரேயடியாக் கத்தும், முகம் வெளிறும், கொஞ்ச நேரத்தில நிண்டுடும். நின்ட பிறகு விளையாடாது, துவண்டு போய்க் கிடக்கும். 15, 20 நிமிஷத்தில திரும்பவும். வீட்டாக்கள் "இப்ப அடங்கிட்டு" என்டு நினைக்கிறது அந்த இடைவெளியைத்தான். சிவப்பு ஜெலி மாதிரி இரத்தமும் சளியும் கலந்து போறது பிந்தித்தான் வரும், எல்லாருக்கும் வராது, அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. போனில நேரம் குறிச்சுக்கொள்ளுங்க. மூண்டு தரம் அதே தாளத்தில வந்தா கிளம்புங்க, வழியில பால் குடுக்காதீங்க. ஸ்கேன்ல கண்டுபிடிச்சு, நேரத்தோட போனா பெரும்பாலும் வெட்டுக்குத்து இல்லாம, மலவாய் வழியாக் காத்தோ தண்ணியோ அழுத்திக் குடுத்தே சரியாக்குவாங்க. பிந்தினா ஒப்பரேஷன் தேவைப்படலாம்.

இன்னொன்டு, சத்தி கீரைப் பச்சையில வந்தா எந்த வயசுப் பிள்ளையா இருந்தாலும் யோசிக்க ஒன்டும் இல்ல. ஆஸ்பத்திரி.

கண்ணுக்கு வருவோம். ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடி, தண்ணி வடிய அழுதா, தன்ட நகத்தாலயே கருவிழியைக் கீறியிருக்கலாம். மெத்த நோகும் சாமான் அது. தாய்ப்பால் விடுறது, பன்னீர் விடுறது எல்லாம் வேணாம். ஆஸ்பத்திரியில சாய மருந்து ஒரு துளி விட்டு நீல வெளிச்சத்தில பாத்தா கீறல் தெரியும், வழமையா ஒன்டு ரெண்டு நாள்ல ஆறிடும்.

வாய்: முலையில வாயை வச்சு ரெண்டு உறிஞ்சு உறிஞ்சி, விட்டிட்டு அழுகுதா? கன்னத்து உள்பக்கம் வெள்ளையாப் படிஞ்சிருக்கா பாருங்க. துணியால துடைச்சாப் போறது பால், போகாதது பூஞ்சணம். அண்ணத்தில புண் இருந்தாலும் இப்பிடித்தான். காது: தடிமன் வந்து ரெண்டு மூண்டு நாளுக்குப் பிறகு, வளத்தினா கூடுது என்டா காதா இருக்கலாம். எண்ணெய் காய்ச்சி விடாதீங்க, தயவு செய்து. கை கால்: ஒன்டை மட்டும் அசைக்குதில்ல, தொட விடுதில்ல என்டா எக்ஸ்றே.

பல்லு? முரசு வீங்கி, எச்சில் ஊத்தி, எரிச்சலா இருக்கும், சரி. ஆனா மணிக்கணக்கில வீறிட வைக்காது, 38 பாகை செல்சியஸுக்கு மேல காய்ச்சலும் பல்லால வராது. மரக்க வைக்கிற ஜெல்லை முரசில பூசாதீங்க, அது இரத்தத்தில ஒக்சிசனையே குறைக்கக் கூடியது.

ஊசி போட்ட நாளா? 2, 4, 6 மாசத்தில எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) க்ளினிக்கில போடுற பென்டா, அதாவது அஞ்சு நோய்க்கான தடுப்பூசிக்குப் பிறகு ஒன்டு ரெண்டு நாள் தொடை வீங்கி நோகும், காய்ச்சலும் வரும். 3 மணித்தியாலத்துக்கு மேல நிறுத்தாம அழுதா டொக்டரிட்டக் காட்டி, மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் சொல்லுங்க, அதை அவங்க பதியணும்.

இப்ப சிரிஞ்ச். பரசிட்டமோல் கணக்கு வயசுக்கு இல்ல, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு 4 தரத்துக்கு மேல இல்ல. 5 மில்லியில 120 மில்லிகிராம் உள்ள பாணி என்டா, 6 கிலோப் பிள்ளைக்கு 90 மில்லிகிராம், அதாவது 3.75 மில்லி. 8 கிலோ என்டா 5 மில்லி. இந்தக் கோட்டில பாருங்க, மேல்பக்கக் குமிழியை வெளியாக்கிட்டுத்தான் அளக்கணும். குசினிக் கரண்டியால அளக்காதீங்க. லேபலையும் வாசிங்க, ஒரு மில்லியிலயே 100 மில்லிகிராம் உள்ள துளி மருந்து இருக்கு, அதில 3.75 மில்லி குடுத்தா நாலு மடங்குக்கு மேல போயிடும். கொழும்பில டெங்கு எப்பவும் இருக்கிறதால, டெங்கில இரத்தக் கசிவைக் கூட்டக் கூடிய ஐபியூபுரூபன் மாதிரி மருந்துகளை வீட்டில நீங்களாக் குடுக்கவே வேணாம்.

3 மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு 38 காட்டினா, மருந்து குடுத்து இறக்கிப் பாக்கிற வேலை இல்ல. நேரா ஆஸ்பத்திரி. உச்சிக்குழி புடைச்சிருக்கு, கூப்பிட்டா முழிக்குதில்ல, மூச்சு இழுக்குது, உடம்பில அமத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி, இதுகளும் அப்பிடித்தான். 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. பொரளையில ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் என்டா களுபோவிலை ஆஸ்பத்திரியும் கிட்டத்தான்.

அழுகை உங்களுக்கே தாங்க ஏலாமப் போனா, பிள்ளையைக் கட்டில்ல மல்லாக்க வளத்திட்டு வெளியால போய் நில்லுங்க, அஞ்சு நிமிஷம். ஆட்டிக் குலுக்காதீங்க. அந்தக் குலுக்கல்லதான் மூளைக்குள்ள இரத்தம் கசியும்.

கண்ணூறு சுத்திப் போடுறது உங்கட விருப்பம். செத்தல் மிளகாய்ப் புகை மட்டும் பிள்ளைட மூக்குக்குப் போகாமப் பாத்துக்கொள்ளுங்க, சட்டையைக் கழட்டிப் பாத்த பிறகு செய்யுங்க.

கிளம்பும்போது க்ளினிக் புத்தகம், குடுத்த மருந்துப் போத்தல், அழுற வீடியோ ஒரு நிமிஷம். டொக்டருக்கு முன்னால பிள்ளை நித்திரை கொள்ளும், அது வழமை, வீடியோதான் கதைக்கும். கடைசியா மாத்தின பம்பர்ஸையும் எறியாம சொப்பிங் பேக் ஒன்டில கட்டி எடுத்துட்டுப் போங்க.