ஸ்கேலா, பாட்டா? பாட்டுதான்!

நடுவர் அவர்களே, பியானோ கற்றுக்கொடுப்பதில் முதலிடம் விரல் பயிற்சிக்கா, வாசிக்கிற சந்தோஷத்துக்கா என்பது தலைப்பு. சந்தோஷத்துக்கே என்று பேச வந்திருக்கிறேன், அதுவும் ஒரு பியானோ டீச்சராக. எதிரணித் தோழர் பேசியதைக் கேட்டால் பிள்ளைகள் வருவது பியானோ வகுப்புக்கா, போலீஸ் செலக்‌ஷனுக்கா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஆறு மாதம் ஸ்கேலும் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிக்கிற பயிற்சி) ஹானனும்தானாம், பாட்டுப் பேச்சே கூடாதாம்!

ஹானன் 1873-இல் வந்த புத்தகம், 60 விரல் பயிற்சிகள். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, எப்போது எடுப்பது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. பிள்ளை தனக்குப் பிடித்த சினிமா மெட்டோடு வருகிறது, ஐந்து விரலுக்குள் அடங்குகிற வரை ஜாலியாக வாசிக்கிறது, ஆறாவது சுரம் வந்ததும் விரல் தீர்ந்துபோய்க் கையைத் தூக்கிப் போடுகிறது, மெட்டு உடைகிறது, முகம் சுருங்குகிறது. அந்த நொடியில் "கட்டைவிரலை மத்த விரலுக்கு அடியில விட்டுப் பாரு" என்று சொல்லிப் பாருங்கள். அதே வித்தையை முதல் நாளே ஸ்கேல் என்று கொடுத்தால் கொட்டாவிதான் வரும். இப்போதோ நாம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பத்து தடவை வாசிக்கும்.

கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை என்கிற சுரப் பயிற்சிதானே முதல் என்று தோழர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். சரி. ஆனால் சரளி வரிசையை வகுத்தவர் என்று மரபு சொல்கிற புரந்தரதாசர்தான் ஆரம்பப் பிள்ளைகளுக்கான எளிய பாட்டுகளான பிள்ளாரி கீதங்களையும் பாடித் தந்தவர். அதை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்?

பியானோ மேதை ஷோப்பேனைப் பாருங்கள். எல்லோரும் முதலில் கொடுக்கிற, வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேல் கண்ணுக்குத்தான் எளிது, கைக்குக் கஷ்டம் என்று நினைத்தவர் அவர். அதனால் பி மேஜர் ஸ்கேலில் ஆரம்பித்தார், அதில் நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளின் மேல் இயல்பாக உட்காரும். பியானோ பாட வேண்டும் என்பதற்காக, மாணவர்களை நல்ல பாடகர்களைக் கேட்கச் சொன்னார். இதுவும் டெக்னிக்தானே, கைக்கும் காதுக்கும் சுகமான டெக்னிக்!

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானோ விரலை வலுப்படுத்த ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பழகினார். வலது கை கெட்டு, மேடைப் பியானோ கலைஞராகும் கனவு போனது. கருவி மட்டும்தான் காரணமா என்று இன்றும் விவாதம் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரே 1848-இல் தன் பெண் குழந்தைகளுக்காக எழுதியவை பயிற்சிகள் அல்ல. குட்டிக் குட்டிப் பாட்டுகள், மொத்தம் 43.

அப்புறம் கிரேடு பரீட்சை என்று பயமுறுத்துகிறார். பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், அதில் 90 மூன்று பாட்டுகளுக்கு, ஸ்கேல் பகுதிக்கு 21. பெற்றோர் பயப்படுகிற பரீட்சையே எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறது!

மிச்சம் இருப்பது ஒரு நல்ல கேள்வி, அதை மறைக்க மாட்டேன்: விட்டுப்பிடித்தால் தப்பான பழக்கம் படிந்துவிடாதா? படியும், டீச்சர் கவனிக்காவிட்டால். ஆனால் மணிக்கட்டு எப்போது இறுகுகிறது, தோள் எப்போது காதைத் தொடுகிறது? பிள்ளை பயந்து வாசிக்கும்போது. பிடித்த பாட்டைக் கொடுத்து, பாதி வேகத்தில், கையைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், தோள் தானாக இறங்கும். எதிரணித் தோழர் கேட்கிற சரியான கை நிலை அதுதான், நடுவர் அவர்களே.