டைம்ஸ் சதுக்கத்துக்கு அடியில்

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறியவர்கள் டைம்ஸ் சதுக்கம், 42-ஆம் தெரு நிலையத்தில் ஒரு தடவையாவது வழி தெரியாமல் நின்றிருப்பார்கள். படி ஏறினால் இன்னொரு படி இறங்கும். சரிவில் நடந்தால் ஒரு வளைவு வரும், அதன் பிறகு நீண்ட நடைபாதை. இப்படியா ஒரு நிலையத்தைத் திட்டமிடுவார்கள் என்று தோன்றும். உண்மையில் அதை ஒரே நிலையமாக யாரும் திட்டமிடவே இல்லை. ஐந்து நிலையங்களைப் பிற்பாடு ஒட்டவைத்த ஒட்டுவேலை அது.

நகரின் முதல் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. நடத்தியது இன்டர்பரோ என்ற தனியார் நிறுவனம். நகர மன்றத்திலிருந்து கிளம்பி கிழக்குப் பக்கமாக கிராண்ட் சென்ட்ரல் வரை வந்து, அங்கே மேற்கே திரும்பி 42-ஆம் தெருவுக்கு அடியில் ஓடி, பிராட்வேயில் வடக்கே திரும்பியது அந்தத் தடம். அந்த இரண்டாவது திருப்பத்தில் இருந்தது டைம்ஸ் சதுக்க நிலையம். விரைவு வண்டிகள் அங்கே நிற்காது! அது வெறும் உள்ளூர் நிறுத்தம். அதே 1904 ஏப்ரல் வரை அந்த இடத்தின் பெயரே லாங்ஏக்கர் சதுக்கம். நியூயார்க் டைம்ஸ் அங்கே தன் கோபுரக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்ததால்தான் பெயர் மாறியது. அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தை ஒட்டியே ரயில் ஓடியது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடகக் கொட்டகைகளும் கூட்டமும் பெருகிவிட்டன. 1917-இல் ஏழாவது அவென்யூவுக்கு அடியில் புதிய நிலையம் திறந்தார்கள். இங்கே விரைவு வண்டியும் நின்றது. 1918 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பழைய தடத்தை உடைத்து, கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக வடக்கு தெற்காக ஓடும் இரண்டு தடங்களாக்கினார்கள். 42-ஆம் தெருவுக்கு அடியில் இருந்த பழைய துண்டு, ஆங்கில 'எச்' எழுத்தின் நடுக்கோடு போல மிஞ்சியது. அதில் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் போய்வரும் ஷட்டில் வண்டி விட்டார்கள். முதல் நாளே நெரிசலில் ஜனங்கள் திணறிப்போனார்கள். வழிகாட்டக் கருப்புக் கோடு வரைந்தும் பலனில்லை. ஓரிரு நாளில் ஷட்டிலை நிறுத்திவிட்டு, செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி விட்டார்கள்.

இதே 1918 ஜனவரியில் போட்டி நிறுவனமான புரூக்ளின் ரேபிட் டிரான்சிட், பிராட்வேக்கு அடியில் தன் நிலையத்தைத் திறந்திருந்தது. 1927-இல் குவீன்ஸ் பக்கமிருந்து வரும் ஃபிளஷிங் தடம் ஆழத்தில் வந்து சேர்ந்தது. 1932-இல் நகராட்சியே கட்டிய எட்டாவது அவென்யூ தடம் ஒரு தெரு தள்ளி வந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, இடையில் மதில் சுவர் என்கிற கதைதான். ஒருவர் நிலையத்திலிருந்து இன்னொருவர் நிலையத்துக்குப் போக வேண்டுமா, மறுபடி ஐந்து சென்ட் போடு!

1928 ஆகஸ்ட் 24-ஐச் சொல்லாமல் தாண்ட முடியாது. மாலை நெரிசல் நேரம். பழுதான ஒரு தடமாற்றியில் விரைவு வண்டியின் பின்பெட்டிகள் தடம் புரண்டு, குறைந்தது 16 பேர் இறந்தார்கள்.

1940-இல் இரண்டு தனியார் அமைப்புகளையும் நகரம் வாங்கிக்கொண்டது. ஆனாலும் மதில் உடனே இடியவில்லை. 1948 ஜூலை 1-ஆம் தேதிதான் இன்டர்பரோ பக்கத்துக்கும் புரூக்ளின் நிறுவனம் கட்டிய பிராட்வே பக்கத்துக்கும் இடையே இலவசமாக மாற வழி பிறந்தது. அதே நாளில் கட்டணம் ஐந்து சென்ட்டிலிருந்து பத்தாக ஏறியதால், அதை இலவசம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. எட்டாவது அவென்யூவுக்கு உள்ளேயே நடந்து போக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட நடைபாதையின் கூரை விட்டங்களில், தூக்கம் கலையாமல் வேலைக்கு ஓடுபவரைப் பற்றிய வரிகளை 1991-இல் எழுதிவைத்தார்கள். காலையில் அங்கே நடந்தால் நம்மைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று இருக்கும்.

பழைய பகை இன்றும் ரயிலின் பெயரிலேயே தெரிகிறது. ஷட்டிலை விட்டுவிட்டால், எண் போட்ட வண்டிகள் இன்டர்பரோ தடத்தவை, எழுத்து போட்டவை புரூக்ளின் நிறுவனம், நகராட்சி ஆகிய மற்ற இரண்டின் தடத்தவை. எண் வண்டிகளின் பெட்டி அகலம் குறைவு. எழுத்து வண்டி அந்தச் சுரங்கத்துக்குள் நுழையவே முடியாது. நிறுவனங்கள் ஒன்றானாலும் சுரங்கத்தின் அகலத்தை யார் மாற்றுவது?

எனக்குப் பிடித்தது என்னவோ அந்த ஷட்டில்தான். 1962-இல் அதில் ஓட்டுநர் தேவைப்படாத தானியங்கி வண்டியை விட்டார்கள். தொழிற்சங்கம் எதிர்த்ததால் ஓட்டுநர் ஒருவர் உள்ளே இருந்தார். 1964-இல் கிராண்ட் சென்ட்ரலில் மூண்ட தீயில் அந்த வண்டி எரிந்துபோனது. 2021 செப்டம்பரில் வளைந்த பழைய நடைமேடையை விட்டு நகர்த்தி, நேரான அகன்ற நடைமேடையில் ஆறு பெட்டி வண்டி நிற்கும்படி மாற்றிக் கட்டினார்கள். கிராண்ட் சென்ட்ரலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்க வேண்டும். ஆனால் 1904-இல் நகரத்தின் ஒரே சுரங்க ரயில் ஓடிய அதே சுரங்கத்தில்தான் அந்த வண்டி இன்றும் போய்வருகிறது. நன்றி, வணக்கம்.