கோடு எழுதினா போர்டு சாகுமா?

வணக்கம் மக்களே! "வெறும் புரோகிராம் கோடுதானே, சொதப்பினா ரீசெட் அடிச்சுக்கலாம்"னு நிறைய பேர் தைரியமா இருக்கீங்க. முக்கால்வாசி நேரம் அது சரிதான். மீதி கால்வாசியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இதோ, ஆர்டுயினோ ஊனோ, நம்ம கோடை ஓட்டுற சின்ன எலக்ட்ரானிக் போர்டு. இதுல இருக்கிற சிப்புக்குள்ள ஈப்ராம்னு 1024 பைட் இடம் இருக்கு, கரண்ட் போனாலும் அழியாது. ஆனா ஒவ்வொரு பைட்டுக்கும் 1,00,000 தடவை எழுதுற வரைக்கும்தான் உத்தரவாதம். லட்சம்னதும் ஆயுசுக்கும் போதும்னு தோணுதுல்ல? இப்ப ஸ்கிரீனைப் பாருங்க. திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள ஈப்ராம் ரைட்ங்கிற எழுதுற கட்டளை, ஒரே அட்ரஸ், டிலே கிடையாது. ஒரு தடவை எழுத சுமார் 3.3 மில்லி செகண்ட். பெருக்குங்க... 330 செகண்ட். அஞ்சரை நிமிஷத்துல மொத்தக் கணக்கும் முடிஞ்சுது! உடனே செத்துடாது, ஆனா அதுக்கப்புறம் நீங்க எழுதினதுதான் திரும்பி வரும்னு நம்ப முடியாது. ரைட்டுக்குப் பதிலா அப்டேட் போட்டா, பழைய மதிப்பே இருந்தா எழுதாம விட்டுடும். மதிப்பு மாறிக்கிட்டே இருந்தா அதுவும் காப்பாத்தாது, சொல்லிட்டேன்.

அடுத்தது பட்டன். ஒரு கால் போர்டோட பின்ல (வயர் இணைக்கிற முனை), இன்னொரு கால் கிரவுண்ட்ல. பின் எப்படி வேலை செய்யணும்னு சொல்ற பின்மோடுல இன்புட்னு இருக்க வேண்டிய இடத்துல அவுட்புட்னு போட்டு, ஹையும் குடுத்துட்டா? பட்டனை அமுக்கின அந்த நிமிஷம் 5 வோல்ட் நேரா கிரவுண்டுக்குப் பாயும். பின் தாங்குற உச்ச வரம்பே 40 மில்லி ஆம்ப். நம்ம கோடை சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்துற கம்பைலர் இதுக்கெல்லாம் வாயே திறக்காது. அதுக்கு வயரிங் தெரியாதுல்ல. நடுவுல 220 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா கரண்ட் 23 மில்லி ஆம்புக்குள்ள நின்னுடும்.

இது நேத்து வந்த தலைவலி இல்ல. 1977-ல வந்த கமடோர் பெட்ங்கிற கம்ப்யூட்டர்ல, 59458-ங்கிற மெமரி இடத்துல 62-னு போக் பண்ணினா, அதாவது நேரா எழுதினா, திரையில எழுத்து வேகமா ஓடும். அதே வரியைப் பிந்தைய மாடல்ல ஓட்டினா டிஸ்ப்ளேவே கெடலாம். அதுக்கு 'கில்லர் போக்'னே பேர் வச்சுட்டாங்க. 2016-ல லினக்ஸ்லயும் இந்தப் பிரச்சினை வெடிச்சுது: ஃபைல்களோட உச்சியான ரூட்ல இருந்து எல்லாத்தையும் அழிச்சா, கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கிற யூஈஎஃப்ஐயோட செட்டிங்கும் (வேரியபிள்) சேர்ந்து போய், சில லேப்டாப் ஸ்டார்ட்டே ஆகல. அப்புறம்தான் லினக்ஸோட மையமான கெர்னல்லயே அதுக்குப் பூட்டு போட்டாங்க.

சரி, மல்டிமீட்டரை எடுங்க. ரெசிஸ்டரோட அந்தப் பட்டனை அமுக்கி, எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அளந்துடலாம்.