பிறந்தது ஒரு தரம்தானே?

வணக்கம் நேயர்களே. பிரான்ஸில் குடியேறுகிற பிரிட்டிஷ் குடும்பங்கள் அன்றாடம் படும் பாட்டைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலிக்காரர்கள் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மூரில் வெள்ளைக்காரர் என்றால் எல்லாரும் ஒன்று. இங்கிலீஷ்காரருக்குப் பிரான்ஸில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் பக்கத்து வீடு என்றுதான் நினைப்போம். நானும் அப்படி நினைத்தவன்தான். எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. பிரெஞ்சில் படித்து, வேலைக்காகப் பிரான்ஸ் போய், கடைசியில் தென்மேற்கே தொர்தோஞ் மாவட்டத்தில் தங்கிவிட்டேன். அங்கே பிரிட்டிஷ்காரர்கள் அத்தனை பேர் இருப்பதால் அதைக் கேலியாக, இங்கிலாந்து மாவட்டப் பெயர் மாதிரி ஒரு ஷையரை ஒட்டித் தொர்தோஞ்ஷையர் என்றே சொல்வார்கள். ஏமே என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே கிரிக்கெட்கூட ஆடுகிறார்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, அலுவலகத்துக்குத் துணைக்கு வர முடியுமா என்று ஒரு குடும்பம் வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்படியே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஒரு காலத்தில் எங்கள் கடற்கரையில் மாறி மாறிச் சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து புதுச்சேரிக்காரன் மொழிபெயர்க்கிறேன், அதை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

மொழி தெரியாததுதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மொழி ஒரு பங்குதான். மீதி எல்லாம் காகிதம். இதை இன்றைக்கு நான் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். யார்க்‌ஷைர் பக்கத்துக்காரர், கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இருவரும் கல் வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்துவிட்டார்கள். மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிய வேண்டும். அந்த அம்மா தன் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 1950களில் எழுதியது, மசி பழுப்பேறி, மடித்த இடம் கிழியப்போகிறது, அவருடைய அம்மா பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய காகிதம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது பழசு, மூன்று மாதத்துக்குள் எடுத்தது வேண்டும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நான் பிறந்தது ஒரு தரம்தானே? மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிறக்க முடியுமா?" என்று கேட்டார். அதை நான் பிரெஞ்சில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் மொழிபெயர்ப்பு வேலைதான்.

பாருங்கள், அந்த ஆள் சொன்னதில் திமிர் எதுவும் இல்லை. பிரான்ஸில் பிறப்புப் பதிவு என்பது உயிரோடு இருக்கிற காகிதம். நீங்கள் பிறந்த ஊர் நகராட்சியில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். கல்யாணம் ஆனால் அதன் ஓரத்தில் எழுதுவார்கள், விவாகரத்து ஆனால் அதையும் எழுதுவார்கள், செத்தாலும் அதே ஓரத்தில் ஒரு வரி. அதனால்தான் புது நகல் கேட்கிறார்கள். போன மாதம் கல்யாணம் ஆகியிருந்தால் இந்த மாத நகல் சொல்லிவிடும். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பிறந்தபோது எழுதியது எழுதியதுதான், நீங்கள் நாலு கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. ஆகவே இன்று எடுத்த நகலில் புதுசாக ஒன்றும் இருக்காது, மேலே தேதிதான் புதுசு. ஆனால் அந்தத் தேதிதான் வேண்டும். இரண்டு நாட்டாரும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு வேறு பொருளைக் கையில் வைத்திருக்கிறார்கள். இது புரிந்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, புது நகல் தருவித்தார். இன்னொரு சிக்கல், பிரிட்டனில் சான்றிதழ் இரண்டு விதம். ஒன்று சின்னது, அதில் பெற்றோர் பெயரே இருக்காது. பிரான்ஸில் அது செல்லாது. பெரியதுதான் வேண்டும், அதற்கு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் முத்திரை வேண்டும். நான் அந்தப் பட்டியலில் இல்லை, துணைக்குப் போகிற ஆள்தான். இப்படி மூன்றாம் தடவை போனால், முகவரிக்குச் சான்றாகக் காட்டிய மின்சார பில் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. நான்காம் தடவைதான் கோப்பு நகர்ந்தது.

கடைசியில் பச்சை நிறத்தில் காப்பீட்டு அட்டை வந்தது, கார்த் வித்தால் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் வேறு யாரோ! நாற்பது வருடமாக அவர் விட்டுவிட்ட, கல்யாணத்துக்கு முந்திய பெயர். பிரான்ஸில் பெண்ணின் சட்டப்படியான பெயர் சாகிறவரை பிறந்த வீட்டுப் பெயர்தான். கணவர் பெயரைப் புழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. பிரிட்டிஷ் பெண்களோ பெரும்பாலும் கடவுச்சீட்டு முதல் எல்லாவற்றிலும் கணவர் வீட்டுப் பெயருக்கு மாறியிருப்பார்கள். ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் இந்த அம்மாவின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் அசையவே இல்லை. என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டேன். "என் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்" என்றார்.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவமும் உண்டு. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, முதலெழுத்துதான். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அப்பா பெயரை எழுதி, அப்புறம் எல்லாரும் நம்மை அப்பா பெயரால் கூப்பிட்டு... உங்களுக்கே தெரியும். புதுச்சேரியில் 1881இல் வந்த ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆக, கட்டத்துக்காகப் பெயர் மாறுவது எங்களுக்குப் பழைய கதை. பிரிட்டிஷ்காரர்களுக்குத்தான் அது புதுசு.

அந்த அட்டையில் இருக்கும் எண்ணையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த எண் அது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று தொடங்கும். அப்புறம் பிறந்த வருடம், மாதம், அடுத்து மாவட்டம். வெளிநாட்டில் பிறந்திருந்தால் மாவட்டத்துக்குப் பதில் 99. லீட்ஸில் பிறந்தவருக்கும் 99, எனக்கும் 99. எல்லாம் சேர்த்து 15 இலக்கம், அதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்கும். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்பதை நாலு இருபது பத்து ஏழு என்பார்கள். தொலைபேசி எண்ணையும் இரண்டு இரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். நாலு என்று கேட்டதும் இவர் நாலு எழுதிவிடுவார், இருபது என்றதும் அடித்துவிட்டு எண்பது எழுதுவார், அதற்குள் பத்து வந்து நிற்கும். நாம் சிரிக்கலாம், ஆனால் நம்முடைய தொண்ணூறு மட்டும் ஒழுங்கா? அறுபது, எழுபது, எண்பது என்று வந்து திடீரென்று நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே!

வீட்டுக்குள் வருவோம். பிரிட்டிஷ் வீட்டில் முதலில் பெட்டியிலிருந்து இறங்குவது மின்சாரக் கெட்டில். அது 3 கிலோவாட் இழுக்கும். பிரான்ஸில் மின் இணைப்பு எடுக்கும்போது எவ்வளவு சுமை என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன வீட்டுக்கு 6 போதும் என்று முந்தைய வீட்டுக்காரர் வைத்திருப்பார், அதிகம் வைத்தால் சந்தா அதிகம். குளிர்காலச் சாயங்காலம், ஹீட்டர் ஓடுகிறது, அடுப்பில் ரொட்டி வேகிறது, யாரோ டீக்கு கெட்டிலைத் தட்டுகிறார்கள். வீடே இருட்டு. வீட்டின் வயரிங்கே கெட்டுவிட்டது என்று ஒரு குடும்பம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செலவு செய்தது. மின்சாரக் கம்பெனிக்கு ஒரு அழைப்பு போதும், 9 ஆக்கிவிடுவார்கள். டீ கொடுத்துத்தான் இந்த விஷயத்தை அவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதிலும் ஒரு குறை, கடையில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் கெடாத பெட்டிப் பால்தான், டீயில் அது ஒரு மாதிரி இருக்கும். நம் வீட்டிலும் பால் சரியில்லை என்றால் நாளே சரியில்லைதானே. ஊரிலிருந்து பிள்ளைகள் வரும்போது செட்டார் சீஸும் சாசேஜும் கொண்டுவரட்டும் என்றால், 2021 முதல் அதுவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டுவரத் தடை, பிரிட்டன் இப்போது வெளியில் இருக்கிறது.

பிரெக்ஸிட் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 2020 டிசம்பர் 31க்கு முன் குடியேறிவிட்டவர்களுக்கு ஒரு வழி, பின்னால் வந்தவர்களுக்கு வேறு வழி. பின்னால் வந்தவர்களுக்கு விசா இல்லையென்றால் 180 நாளில் 90 நாள்தான். விசாவோடு வந்தாலும், வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் போய் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். நாம் பரம்பரையாகப் பார்த்துப் பழகியதை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம்.

பள்ளிக்கூடம். மூன்று வயதிலிருந்தே படிப்பு கட்டாயம், 2019 முதல். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் என்று வருகிற பெற்றோர் உண்டு, அதற்கு இப்போது முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், 2022 முதல் அது இறுகிவிட்டது. புதன்கிழமை பல ஊர்களில் பள்ளி இல்லை அல்லது அரை நாள், வேலைக்குப் போகிற பெற்றோருக்கு அது ஒரு தலைவலி. தொடக்கப் பள்ளியில் சேர்க்க மேரிக்குப் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம், கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறது. நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் அது வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், அங்கே இருக்கும் செயலாளர் அம்மாவுக்குத் தெரியாதது ஊரில் இல்லை. நான் எல்லாரிடமும் சொல்வது, வந்த வாரமே போய் அவருக்கு ஒரு "போன்ழூர்" சொல்லிவிட்டு வாருங்கள். முதலில் போன்ழூர், அப்புறம் விஷயம். கடையோ அலுவலகமோ, அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும். பிரிட்டிஷ்காரர்கள் மரியாதைக்காரர்கள், ஆனால் அவர்கள் மரியாதை "ஸாரி"யில் தொடங்கும். இங்கே அது வேலைக்கு ஆகாது.

பிள்ளைகள் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நாம் நீங்க, நீ என்று பிரித்துப் பேசுவதைப் போல அங்கேயும் உண்டு, ஆங்கிலத்தில் அது கிடையாது. அதனால் முதல் மாதம் தலைமை ஆசிரியரை "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குச் சங்கடமானது வேறு. பிள்ளை பேசத் தொடங்கியதும் பெற்றோர் அதையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுகிறார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன், கழிவுநீர்த் தொட்டியைச் சோதிக்க வந்தவருக்கும் தன் அப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கிராமங்களில் சாக்கடை இணைப்பு இருக்காது, வீட்டுக்கு வீடு தொட்டிதான். வீடு விற்கும்போது மூன்று வருடத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கை இருக்க வேண்டும், தொட்டி சரியில்லை என்றால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான யூரோ செலவு. அதை அந்தப் பையன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா, "கொஞ்சம் வேலை இருக்கிறதாம்" என்று மட்டும் சொன்னான். நம் பிள்ளைகளும் வெளிநாடுகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அந்தப் பிள்ளைகளாகவே இருப்பீர்கள்.

டாக்டர் விஷயம்... நேரம் என்ன? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் டாக்டரிடம் போனால் காசு கிடையாது. பிரான்ஸில் பொது மருத்துவருக்கு 30 யூரோ, அதில் 70 சதவீதத்தில் 2 யூரோ கழித்துக்கொண்டு திரும்பத் தருவார்கள். ஆனால் இன்னார்தான் என் டாக்டர் என்று ஒருவரைப் பதிந்திருக்க வேண்டும். கிராமத்தில் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு, வீடு பார்க்கும்போதே டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

சொத்து வாரிசு பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதிவந்தேன், முக்கியமே அதுதான். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு கட்டாயம். ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் நாலில் மூன்று. பிரிட்டனில் இருப்பது போல எல்லாம் மனைவிக்கே என்று எழுதிவிட முடியாது. 2015 முதல் உயிலில் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வரி பிரெஞ்சு வரிதான். மறுமணம் செய்தவர்கள் கவனியுங்கள், மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கு நீங்கள் விட்டுப்போவதில் 60 சதவீதம் அரசுக்குப் போகும். வீட்டுப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரியான நோட்டேரிடம் இதை வீடு வாங்குவதற்கு முன் கேளுங்கள், வாங்கிய பின் அல்ல.

ஓட்டுநர் உரிமம்... 2021 ஜனவரிக்கு முன் பிரிட்டனில் எடுத்ததாக இருந்தால் காலாவதியாகும் வரை ஓட்டலாம், மற்றதெல்லாம் ஒரு வருடத்துக்குள்... சரி, சிவப்பு விளக்கு வந்துவிட்டது. வணக்கம்.